ரெப்போந்தர் வென்ற சண்டை

1. இரண்டு தரம் விழுந்த முகாம்

நான் செய்தி வாசிக்கத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை ஊரில் இயக்கப் பொடியள் ஒரு ராணுவ முகாமைப் பிடித்தார்கள். வியாழக்கிழமை அதே முகாமைத் திரும்பவும் பிடித்தார்கள். இரண்டு தரமும் நான்தான் கம்பீரமாக வாசித்தேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி, நாங்கள் பிரெஞ்சு நாட்டுக்கு வந்திருந்த காலம். காலையில் எனக்கு ஒரு அலுவலகத்தில் மெனாஜ், அதாவது கூட்டித் துடைக்கும் வேலை. பின்னேரம் லா சப்பலில் எங்கள் சங்கத்து அறையில் ரெப்போந்தருக்குச் செய்தி வாசிப்பேன். ரெப்போந்தர் என்பது யாராவது அழைத்தால் தானே பேசும் டெலிபோன் மெஷின். ஊரில் சண்டை. கடிதம் வர வாரக்கணக்காகும். அதனால் சனம் வேலை முடிந்ததும் அந்த நம்பரைச் சுழற்றி மூன்று நிமிஷச் செய்தி கேட்கும். சம்பளம் கிடையாது. ஆனால் ரூ காய் கடைத்தெருவில் மீன் வாங்கப் போனால் என் குரலைக் கேட்டே வழி விடுவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

பெரிய இடைஞ்சல் மெட்ரோ. எங்கள் ஜன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் ஓடும். அது வந்தால் சொன்ன வசனம் அள்ளுப்பட்டுப் போகும். கசெட்டைப் பின்னுக்கு ஓட்டி, அந்த வசனத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சங்கத் தலைவரை எல்லோரும் தலைவர் அண்ணை என்போம். ஊரில் பள்ளிக்கூட உப அதிபர், இங்கே ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினார். செய்தி எல்லாம் அவருடைய சிவப்புப் பேனையைத் தாண்டித்தான் என்னிடம் வரும். 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்று எங்காவது கண்டால் ஒரே கோட்டில் வெட்டிவிடுவார். ஒரே முகாம் இரண்டு தரம் விழுந்ததைப் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"சனம் சோரக் கூடாது பிள்ளை. சண்டையிலை பாதி மனசு" என்றார்.

நானும் தலையாட்டினேன்.

2. பாதி இருமல் மருந்து

என் தங்கச்சி ஊர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளுடைய கடிதம் வந்தது. காயக்காரர் நிறையப் பேர், கட்டுத்துணி முடிந்துவிட்டது. கட்டின துணியையே சமையலறைப் பெரிய பானையில் அவித்துத் திரும்பக் கட்டுகிறார்களாம். பானை போனதால் அவர்களுக்குச் சோறு இல்லையாம், பாண் ரொட்டிதானாம்.

நல்லகாலமாக, எங்களுக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சு டாக்டர் வருகிற ஞாயிறு அந்தப் பக்கம் போக இருந்தார். இரண்டு பெட்டி கொண்டுபோகச் சம்மதித்திருந்தார். பஞ்சும் துணியும் சேர்க்க ரூ காய் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தோம். புதன்கிழமை போய்ப் பார்த்தேன். உள்ளே இரண்டு சுருள் துணியும் யாரோ பாதி குடித்த இருமல் மருந்தும் கிடந்தன.

வில்லியே லே பெல் என்ற புறநகரிலிருந்து சாமான் வாங்க வரும் ரஞ்சி அக்கா அங்கே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனசுக்காரி. அவரே ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் வெண்டாச்சு எண்டு நீர்தானே வாசிச்சனீர். பிறகென்னத்துக்குப் பஞ்சு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் தங்கச்சியின் பெட்டியை வெறுமையாக்கினது என் குரல்தான்.

3. நாலு தரம் கேட்ட மன்னிப்பு

கடிதத்தைத் தலைவர் அண்ணையிடம் நீட்டினேன். அடுத்த செய்தியில் இதை வாசிக்கப் போகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சனம் தோற்றுவிட்டோம் என்றே நினைக்கும் என்றார்.

"அண்ணை, சண்டையிலை வெண்டவைக்கு ஆர் பஞ்சு குடுப்பினம்?"

அவர் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். சரி, நாளைக்கு என்னை நிற்பாட்டிவிடுவார் என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் கடைப் பெட்டியில் கிடந்த அந்த இருமல் மருந்துப் போத்தலோடு திரும்பி வந்தார். அதை மேசையில் வைத்தார்.

"வாசியும். ஆனா முதல்லை நான் கதைக்கிறன்" என்றார்.

மைக் முன்னால் ஒரு பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போன கிழமைச் செய்திகளை உறுதிப்படுத்தாமல் வெளியிட்டோம் என்றார். பிழை என்னுடையது என்றார். சரியாக அந்த இடத்தில் மெட்ரோ வந்தது. திரும்பவும் சொன்னார், மற்றப் பக்க மெட்ரோ வந்தது. ஒரு தலைவர் நாலு தரம் மன்னிப்புக் கேட்டதை என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான் கண்டேன். நாலாம் தரம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் கசெட்டில் விட்டுவிட்டோம். பிறகு நான் கடிதத்தை வாசித்தேன்.

சனிக்கிழமை கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பார்மசிப் பைகள், வெள்ளை வேட்டிகள், புது பெட்ஷீட்டுகள். ரஞ்சி அக்கா ஒரு மூட்டையே கொண்டுவந்து என்னை முறைத்துக்கொண்டு வைத்தார். டாக்டர் பாவம், இரண்டு பெட்டி என்று வந்தவர் ஐந்தோடு போனார். விமான நிலையம் வரைக்கும் இரண்டைத் தூக்கியவர் தலைவர் அண்ணை.

இப்போது வானொலியில் செய்தி வாசிக்கிற பிள்ளைகள், வேலையில் என்ன படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். வென்றதாகச் சொன்னால் சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். உள்ளதைச் சொன்னால் கடைக்கு வரும். அதைச் சொல்ல விடுகிற ஒரு தலைவரும் வேண்டும். இவ்வளவுதான் படித்தேன்.

அந்த முகாம் உண்மையில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தங்கச்சியின் அடுத்த கடிதம் மட்டும் இருக்கிறது. அதில் முதல் வரி: "பானை திரும்பக் கிடைச்சிட்டுது அக்கா, இண்டைக்குச் சோறு."