பிலோமினா டீச்சர் வரையாமல் விட்ட முகம்

பிலோமினா டீச்சர் இறந்துபோன செய்தியை அரூர் பஸ்ஸின் கண்டக்டர் கொண்டுவந்தார். பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, படியில் நின்றபடியே என்னிடம் சொன்னார்: “உங்க டிராயிங் டீச்சர் காலையில போயிட்டாங்களாம். மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம். நாலு மணிக்கு எடுக்கறாங்க. அவங்க தம்பி சொல்லிடச் சொன்னாருங்க.” விசில் ஊதினார், பஸ் போய்விட்டது.

தலைமையாசிரியை உடனே எங்கள் வரலாற்று வட்டத்தின் தலைவருக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது. முதலில் “அடடா” என்றார். அடுத்த மூச்சில், “அந்தப் படச் சுருள் இப்ப யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

இறந்தவரின் நற்குணங்களைச் சொல்வது அஞ்சலிக்கு முறை. சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. டீச்சரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய ரப்பர் சட்டம் நினைவிருக்கும். வகுப்பில் யாரும் ரப்பரைத் தொடக்கூடாது. “அது பெட்டியிலேயே தூங்கட்டும். தப்பா போட்ட கோடு இருந்தாத்தான் சரியான கோடு எங்க போவணும்னு தெரியும்” என்பார். நிலபுலன் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சு குறைவு, பேசினால் சுருக்கென்று இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதே பள்ளியில் வரலாறு எடுக்கிற என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் “ஏம்மா ஹிஸ்டரி” தான்.

தர்மபுரி தனி மாவட்டமான புதிதில் தொடங்கியது வரலாற்று வட்டம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, தலைவர் வீட்டு மாடியில் கூடும். தலைவர் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. இரண்டு வக்கீல்கள், ஒரு டாக்டர், ஏழெட்டு ஆசிரியர்கள். பெண்கள் நாங்கள் இருவர்தான். கட்டுரைகளை அச்சுக்குப் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. வரவேற்புத் தட்டி எழுதுவது டீச்சர் வேலை. “‘வருக’ங்கறதுக்கு ரெண்டு பக்கமும் பூ போட்டுருங்கம்மா” என்பார் தலைவர். டீச்சர் போடுவார். ஒருநாள் திரும்பி வரும் வழியில் சொன்னார்: “நாலு வருசமா பூ போடறேன் ஹிஸ்டரி. எனக்கு ஒரு நாற்காலி போடணும்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தியா.”

இண்டூருக்கு அப்பால் ஒரு சிறிய பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் முன்மண்டபத்தின் உட்சுவரில் பாளையக்காரர் காலத்து ஓவியம் ஒன்று இருந்தது. ஒரு ஊர்வலம். குதிரைகள், பல்லக்கு, கிளி வைத்திருக்கும் பெண், தலையில் சோற்றுக்கூடை சுமப்பவன், அவனை முகர்ந்துகொண்டு ஒரு நாய். டீச்சர் ஒரு கோடை விடுமுறை முழுவதும் தினம் பஸ் ஏறிப் போய் அதைப் படியெடுத்தார். சில நாள் நானும் போனேன். சுவரில் தாளை ஒட்டிப் படியெடுப்பது சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. சுவருக்கு முன்னால் நூல் கட்டி, கட்டம் கட்டமாக அளந்து, சுவர்மேல் விரல்கூடப் படாமல் பென்சிலால் வரைந்தார். கோயில் சாவி வைத்திருந்த முனுசாமி ஆரம்பத்தில் சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானுங்களே? இங்க என்னாத்துக்கு வந்து வெயில்ல காயறீங்க?”

“எங்க சர்ச்சுல இருக்கறதெல்லாம் அச்சடிச்ச படமுங்க. இது ஒருத்தன் கையால போட்டது.”

அதன்பின் முனுசாமி தினமும் மோர் கொண்டுவந்து வைத்தார்.

ஊர்வலத்தின் நடுக் குதிரைக்கு ஐந்து கால்கள் இருந்தன. ஓவியன் ஒரு காலை வரைந்து, அதை மூடிவிட்டு, தள்ளி மறுபடி வரைந்திருக்கிறான். பழைய கோடு நாளடைவில் மேலே தெரிய ஆரம்பித்திருக்கிறது. டீச்சர் ஐந்தையும் வரைந்தார். “தப்பு பண்ணான், திருத்துனான். ரெண்டும் அவன் செஞ்ச வேலைதான?” அந்தக் குதிரைமேல் அமர்ந்திருந்தவனின் முகம் இருந்த இடத்தில் காரை உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் கல் தெரிந்தது. அந்த இடத்தை அவர் அப்படியே வெறுமையாக விட்டார். தாளின் மூலையில் சிறிய எழுத்தில் எழுதினார்: ‘முகம் இருந்த இடம் உதிர்ந்துள்ளது. ஊகித்து வரையவில்லை.’

வட்டத்தில் அந்தத் தாளை விரித்தபோது முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. “அஞ்சு கால் குதிரை! ரேஸுக்கு அனுப்பலாம்” என்றார் ஒரு வக்கீல். தலைவர் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு பண்ணிட்டு மூஞ்சிய விட்டுட்டீங்களே. முடிச்சுக் குடுங்கம்மா.”

“இல்லாத மூஞ்சிய நான் எங்கிருந்துங்க கொண்டாருவேன்?”

புதிய மாவட்டத்துக்கு ஒரு வரலாறு வேண்டியிருந்தது, வரலாற்றுக்கு ஒரு நாயகன் வேண்டியிருந்தது. தலைவரின் அவசரம் அன்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் கேமராவுடன் வந்தார். வட்டம் முழுவதும் வேனில் கிளம்பிப் போனது. ஓவியம் மங்கலாக இருக்கிறது, படத்தில் விழாது என்றார் பேராசிரியர். தலைவர் முனுசாமியைப் பார்த்து, “ஒரு வாளி தண்ணி, ஒரு துணி” என்றார். நனைந்த சுவரில் நிறம் எழும்பும் என்பது வரலாறு தேடி அலைபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்.

டீச்சர் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டார். “வேணாங்க சார். ஊறிச்சுன்னா சுண்ணாம்பு விட்டுடும்.”

“ஒரு நிமிஷம்மா. போட்டோவுக்குத்தான்.”

“அந்த ஒரு நிமிஷம்தாங்க அது நல்லா இருக்கும்.”

வக்கீல் அவர் தோளைத் தொடாமல், ஆனால் தொடுவது போலக் கையை நீட்டி, அவரை ஓரமாக ஒதுக்கினார். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார்கள். சிவப்பும் பச்சையும் குபீரென்று எழுந்தன. எல்லோரும் “ஆஹா” என்றார்கள். நானும் சொன்னேன். டீச்சர் வெளியே போய் வேனில் உட்கார்ந்துவிட்டார்.

போட்டோவும் சரியாக வரவில்லை. ஈரச்சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததில் குதிரைக்காரன் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் விழுந்திருந்தது. மழைக்காலம் முடிந்தபின் நானும் டீச்சரும் மறுபடி போனோம். தரையில் கலர்ப் பொடியாகக் கிடந்தது ஊர்வலம். முனுசாமி விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றார். “துணி தொவைச்சா அழுக்குதானுங்க போவும். உங்காளுங்க தொவைச்சதுல துணியே போயிருச்சுங்களே” என்றார். ‘உங்காளுங்க’ என்ற அந்தச் சொல்லில் நானும் இருந்தேன். டீச்சர் பொடியை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே வந்தார்.

ஆக, அந்த ஓவியத்துக்கு மிஞ்சியது டீச்சரின் தாள் ஒன்றே. அதைத் தலைவர் கட்டுரைக்கென்று இரவல் வாங்கினார். சினிமாத் தட்டி எழுதும் ஒருவரைக் கொண்டு புதுப்படி ஒன்று வரைவித்தார். அதில் குதிரைக்கு நான்கு கால். மேலே இருந்தவனுக்கு முகம், முறுக்கு மீசை, நெற்றியில் நாமம். அந்த மீசையையும் நாமத்தையும் சான்றாக வைத்து, குதிரைமேல் இருப்பவர் இந்தப் பகுதியை ஆண்ட பாளையக்காரரே என்று இருபது பக்கம் எழுதினார். தானே வரையச் சொன்ன மீசையைத் தானே கண்டுபிடித்தார். டீச்சர் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை.

அதை அச்சுக்குப் படியெடுத்தவள் நான்.

ஆசிரியர் அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சர் பின்னால் வந்து நின்று படித்தார். ஒரு பக்கம் முழுவதும் படித்தார். பிறகு சொன்னார்: “உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு ஹிஸ்டரி. பொய்கூடப் பாக்க அழகா இருக்கு.”

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. தலைவரின் ஒரு வார்த்தைக்கு அலுவலகத்தில் மதிப்பு இருந்தது. இதை டீச்சரிடம் சொன்னேன். “தெரியும், எழுது” என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். நான் எழுதி முடித்தேன்.

அந்தக் கட்டுரை அச்சான வட்டத்தின் மலர் வெளியான கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்றார். “மன்னிக்கோணுங்க. அந்தச் சுவத்துல முகம் இல்லீங்க.” அவ்வளவுதான் பேசினார். தலைவர் புன்னகை செய்தார். “டிராயிங் வேற, ஆராய்ச்சி வேறம்மா.” யாரோ சிரித்தார்கள். நான் தலை குனிந்து மலரைப் புரட்டினேன். அதன்பின் டீச்சர் வட்டத்துக்கு வரவில்லை. தட்டிக்கு வேறு ஆள் வைத்தார்கள். டீச்சர் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வகுப்பில் ரப்பர் சட்டம் தொடர்ந்தது.

அடக்கத்துக்கு வட்டத்தார் காரில் வந்து இறங்கினார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் தலைவர் டீச்சரின் தம்பி அந்தோணியைத் தனியே அழைத்துப் பேசினார். அந்தோணி நிலத்தில் உழைக்கிற, எளிதில் நெகிழ்கிற மனிதர். “அக்கா போட்ட படத்தப் பெரியவங்க பத்திரமா வெச்சுக்கறேங்கறாங்க. எங்க வூட்டுல எலி அரிச்சுடுமுங்க” என்று என்னிடமும் சொல்லிவிட்டு, சுருளை எடுத்துவந்து இரு கையாலும் தலைவரிடம் கொடுத்தார். தடுத்திருக்கலாம். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் எப்படிப் பேசுவது என்று நின்றேன். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இரங்கல் கூட்டம். தலைவர் வீட்டு மாடியில் டீச்சர் படத்துக்கு மாலை, ஊதுவத்தி. பக்கத்தில், சட்டம் போட்டு, அவர் வரைந்த ஊர்வலம். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். குதிரைமேல் இருந்தவனுக்கு முகம் வந்திருந்தது. கறுப்பு மையில் அதே மீசை, அதே நாமம். டீச்சர் மை தொட்டதில்லை. தாள் முழுக்கப் பென்சில். அந்த இடத்தில் மட்டும் மை பளபளத்தது. மூலையில் அவர் எழுதியிருந்த இரண்டு வரியைக் காணோம். சட்டத்துக்குப் பொருந்த விளிம்பு வெட்டப்பட்டிருந்தது.

வக்கீல் பேசினார், டாக்டர் பேசினார். ‘அமைதியான பெண்மணி’ என்றார்கள். ‘கடைசிவரை வட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்’ என்றார்கள். என் முறை வந்தபோது நான் சொன்னேன்: “இந்தத் தாளில் முகம் இல்லை. இது பிறகு வரையப்பட்டது.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. தலைவர் மட்டும் மெதுவாகச் சொன்னார், “கடைசி நாள்ல டீச்சரே முடிச்சிருப்பாங்கம்மா. மனசு மாறியிருக்கும்.”

செத்துப்போனவர் மனதை மாற்றிவிட்டார்கள். “இன்னைக்கு வேணாங்க டீச்சர், துக்க நாள்” என்று யாரோ என் முந்தானையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன். பின்னால் காபி டம்ளர்களின் சத்தம் கேட்டது.

பிலோமினா டீச்சரிடம் படித்தவர்களே, அவரோடு வேலை செய்தவர்களே, அவர் வரைந்த கோடு ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. அவர் எழுதிய இரண்டு வரி என்னிடம் இருக்கிறது. அது வெட்டப்படுவதற்கு முன் நான் படித்தவள். அவர் கையெழுத்தில் இனி அதைக் காட்ட முடியாது. அதனால் என் கையெழுத்தில், என் பெயரில் எழுதுகிறேன். முகம் இருந்த இடம் உதிர்ந்துள்ளது. குதிரைமேல் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. அவர் ஊகித்து வரையவில்லை.