பீலிக்கரையில் நான் எழுதிய பலகை

என் கையெழுத்து அழகாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எட்டாம் தரத்தில் அச்சடித்தாற்போல எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று விஞ்ஞான டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தவணை நன்னீர் பற்றிய பாடம். கண்டியிலிருந்து பச்சைத் தொப்பி போட்ட சிலர் மலையேறி, மடுல்கெல்லப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்தார்கள். உலகத்தில் குடிக்கிற தண்ணீர் எவ்வளவு கொஞ்சம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். 'பேண்தகு அபிவிருத்தி' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். அர்த்தம் ஒருவனுக்கும் தெரியாது, ஆனால் சொல்லும்போது வாய் நிறைந்திருந்தது. தோட்டத்து ஊற்றைக் காப்பாற்றுவது இனி மாணவர்களின் பொறுப்பு என்றார்கள். யாரிடமிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஊற்று என்றால் எங்கள் பீலிதான். காட்டோரப் பாறையிலிருந்து குழாய் வழியே கொட்டும் தண்ணீர். வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அங்கேதான் குளிப்பார்கள், துவைப்பார்கள், குடத்தையும் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சிரித்துப் பேசுவது கீழே லயம் வரை கேட்கும்.

நாங்கள் கல் சுமந்தோம், புல் வெட்டினோம். பெயின்டும் கம்பி வேலியும் தோட்ட ஆபீசிலிருந்து வந்தன. டீச்சர் வாசகம் சொல்ல, பலகையில் நான் எழுதினேன்: 'நீரே உயிர். இங்கே குளிக்காதீர்கள். துவைக்காதீர்கள்.' தோட்டத்தை நடத்தும் துரை ரிப்பன் வெட்டி, என் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாயைப் புதைத்துக்கொண்டு போனார்கள். லயத்துக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் வரப்போகிறது என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஊற்றுக்குக் காவலாகப் போட்டது வேறு யாரையும் இல்லை, என் சித்தப்பாவைத்தான். அம்மா வாளியோடு ஏறிப் போன அன்று நானும் கூடப் போனேன், அவளுக்குப் பலகையைக் காட்டும் ஆசையில். சித்தப்பா வேலிக் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணி, என்னைய வைஞ்சிராதீங்க. வேலை போயிரும். ஒங்க மவன் எழுதுனதுதான், வாசிச்சுப் பாருங்க."

அம்மா எழுத்துக்கூட்டிக் கடைசிவரை வாசித்தாள். "நல்லாத்தாண்டா எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கறுப்புக் குழாய்த் தண்ணீர் லயத்துக்கு வந்து சேரவில்லை. அதன் பிறகு லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் கீழே உள்ள ஓடைதான். புல்லுக்கு மருந்தடிக்கிற மலைகளையெல்லாம் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது. கொஞ்ச நாளில் அம்மாவின் கைகளில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்து, சுத்தமான தண்ணீரில் குளிக்கச் சொன்னார்களாம்.

ஊற்றைக் காப்பாற்றியதற்குப் பரிசாக எங்களைப் பழைய துரை பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். அது அப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாகியிருந்தது. கேக்கும் சோடாவும் கொடுத்தார்கள். புல்வெளி ஓரத்தில் நீலக் கல் பதித்த நீச்சல் தடாகம் ததும்பிக்கொண்டிருந்தது. டீச்சர் பார்க்காத நேரம் பார்த்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுன்னு இருந்துச்சும்மா."

"கால் வெரலெல்லாம் மரத்துப் போயிருக்குமே?"

"ஆமா! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன வருசமா குளிச்ச தண்ணி எனக்குத் தெரியாதா?"

அம்மா களிம்பை மூடிவைத்தாள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை விட்டுவிட்டு, இத்தனை வருஷமாக அவள் மட்டும் பங்களாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அன்று ராத்திரி அவளோடு பேசாமலே படுத்துக்கொண்டேன்.