கால் மெஷினுக்கு என் மாமியார் சொன்ன சாட்சி

என் மாமியாருக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நான் வைத்த மீன் குழம்பைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "வாயில வைக்க வெளங்கல" என்று என் அம்மா முன்னாலேயே சொன்னவர் அவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் ஒன்றை நல்லது என்று சொல்லிவிட்டால் தெருவே நம்பும். அந்த நம்பிக்கைதான் பிறகு வினையாக வந்தது.

பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமியார் நடவு செட்டுக்கு, அதாவது நாற்று நடும் பெண்கள் கூட்டத்துக்கு, தலைவி. எந்தக் கழனியில் எப்போது நடவு என்று நிலத்துக்காரர்கள் அவரிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் சாயங்காலம் தெருவில் நடந்தபடியே, "நாளைக்கு ஏரிக்கு அந்தாண்ட" என்று ஒரு வார்த்தை சொல்வார். மறுநாள் விடியும்போது பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். எவ்வளவு கூலி என்றுகூட ஒருத்தியும் கேட்கமாட்டாள்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாசாமாசம் மாத்திரை கொடுப்பார்கள். ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கால் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ராத்திரியில் எரிச்சல். அப்புறம், "பஞ்சு மேல நடக்குற மாதிரி கீதுடி" என்றார். சேற்றில் நின்று நின்று கால் மரத்துப் போவது அந்த செட்டில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் மூடிக் கிடந்த துணிக்கடையை யாரோ வாடகைக்கு எடுத்தார்கள். மறுவாரம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, செலவும் இல்லை. தினமும் வந்து காலை வைத்து உட்கார்ந்தால் போதும், சர்க்கரை, மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு எல்லாம் ஓடிப்போகும் என்று அது கத்திக்கொண்டே போனது. ஓசி என்றால் யார்தான் போகமாட்டார்கள்? ஓசியில் பழக்கிவிட்டு அப்புறம் மெஷினை விற்பதுதான் அவர்கள் வியாபாரம்.

மாமியாரும் போக ஆரம்பித்தார்; ஒருநாள் நானும் கூடப் போனேன். தவளக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு; அன்றைக்கு விடுமுறை. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெட்டி. அதில் பாதம் வைக்க இரண்டு பள்ளம். காலை வைத்தால் பெட்டி சூடாகும், அதிரும், உள்ளே சிவப்பாக வெளிச்சம் எரியும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு இளம்பெண் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி எதையெல்லாம் குணமாக்கும் என்று அவள் சொன்னதைக் கேட்டால் இனிமேல் நாட்டில் ஆஸ்பத்திரி எதற்கு என்று தோன்றும்.

காலியாக இருந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது: உடல் அலுப்பு தீர்ப்பதற்கு மட்டும், எந்த நோய்க்கும் சிகிச்சை அல்ல, சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். முகம் மாறாமல் சிரித்தாள். "அது கவர்மென்ட் ரூலுக்காகப் போடுறதுதான், அக்கா. எல்லா மெஷின்லயும் போட்டிருக்கும்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் மாமியாரிடம் அதைச் சொன்னேன். "நீ படிச்சவ, உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

நியாயமாகச் சொன்னால், அங்கே போன பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். வாழ்நாளெல்லாம் குனிந்தே நட்ட அவர்களை யாரும் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, "அம்மா, எங்கே வலிக்குது?" என்று கேட்டதில்லை. அந்தப் பெண் கேட்டாள். கேட்டதற்காகவே போகலாம் என்று எனக்கும் தோன்றியது.

மெஷினைப் போடுவதற்கு முன்னால் தினமும் ஒரு சடங்கு நடக்கும். யாராவது எழுந்து, தனக்கு என்ன குணமானது என்று மைக்கில் சொல்லவேண்டும். எல்லாரும் கைதட்டுவார்கள். கடைக்காரர்கள் அதற்கு 'அனுபவம்' என்று பேர் வைத்திருந்தார்கள். எங்கள் தெரு பாதி ஜெபக் கூட்டத்துக்குப் போகிற தெரு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லிப் பழகியவர் என் மாமியார். அவருக்கு இதுவும் சாட்சிதான். சாட்சி என்றால் விளையாட்டில்லை, சொன்னால் சொன்னதுதான்.

அவர் முதலில் சொன்னது உண்மை. "ராத்திரி எரிச்சல் இல்லாம தூங்குனேன்" என்றார். சூடு வைத்தால் கொஞ்சம் இதமாகத்தானே இருக்கும். அந்தப் பெண் விடவில்லை. உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. ஏன் இருக்காது? காலையில் மாத்திரையை முழுங்கிவிட்டுத்தானே அங்கே போயிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மைக்கை மறுபடியும் அவர் கையில் கொடுத்து, "உங்க வாயாலயே சொல்லுங்கம்மா" என்றாள். "இந்த மெஷினால எனக்குச் சக்கரை எறங்கிடுச்சு" என்று மாமியார் சொன்னார். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நடவு செட்டு முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தது.

மாத்திரை அட்டை குறையாமல் அப்படியே இருப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டேன். "இன்னா அத்தை, மாத்திரை போடுறதில்லையா?"

"சாட்சி சொல்லிட்டு வந்து மாத்திரையும் தின்னா, நான் சொன்னது இன்னாவாவும்?"

"நீங்க தின்றது யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

வேறு யாராவது என்றால் வெளியே ஒன்று சொல்லி, வீட்டில் ஒன்று செய்து, பிழைத்துப் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரர், அவர் பெற்ற பிள்ளை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கெஞ்சிப் பார்த்தார், சண்டையும் போட்டார். சுகாதார நிலையத்து வரிசையில் தன் செட்டுப் பெண்கள் யாராவது பார்த்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதே மாமியாருடைய கவலை. அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, அந்த மைக்கின்மேல் வந்த கோபம் பெரிது. திருட்டுப் பயல்கள் பொய்யர்களைப் பிடித்துப் பேசவைத்திருந்தால் யாரும் ஏமாந்திருக்கமாட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவரைப் பார்த்துப் பிடித்தார்கள்.

வலது கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் வந்தது. அவர் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார். உள்ளே இருக்கும் கெட்ட நீர் அப்படித்தான் வெளியேறும், கொப்புளம் வந்தால் மெஷின் வேலை செய்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக வையுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். வலித்தால் நரம்பு திறக்கிறதாம். வலிக்காவிட்டால் குணமாகிவிட்டதாம். எப்படிப் போனாலும் மெஷினுக்கே ஜெயம்.

கொப்புளம் உடைந்தது. மஞ்சளை வைத்துத் துணி சுற்றிக்கொண்டு, செருப்பு கடித்துவிட்டது என்றார். நான் அறிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். ஒரு மத்தியானம் அவர் படுக்கையை உதறும்போது வந்த வாடையில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணியை அவிழ்த்துப் பார்த்த என் வீட்டுக்காரர் அவரை அப்படியே தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்ற முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னார். தினமும் கட்டு மாற்றும் நர்ஸ் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். "இவங்களுக்குக் கால்ல சூடும் தெரியாது, முள்ளு குத்தினாலும் தெரியாது. தெனமும் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. விரலால தொட்டுத் தொட்டுப் பாருங்க. அவங்களுக்கு வலிக்கும், சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். மாமியார் கட்டிலில் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அது புரிந்தபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்கமுடியவில்லை.

வீடு வந்தோம். ஒரு காலை நேரத்தில் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். விளம்பர ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. இந்தத் தடவை அதில் பேசியது அந்தக் கோட்டுக்காரப் பெண் இல்லை. என் மாமியாரின் குரல். "இந்த மெஷினால எனக்குச் சக்கரை எறங்கிடுச்சு." திரும்பத் திரும்ப அதையே போட்டபடி ஆட்டோ எங்கள் வீட்டைத் தாண்டி மெதுவாகப் போனது. நான் கையில் பஞ்சோடு அப்படியே இருந்துவிட்டேன். அவரோ அந்தக் குரல் தேயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம்புள்ளயக் கூப்புடு, அவன் ஆட்டோவ எடுக்கச் சொல்லு" என்றார்.

"எங்க போவணும் அத்தை?"

"சாட்சி சொன்ன எடத்துக்கு."

நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கி அவரை உள்ளே அழைத்துப் போனோம். கைதட்டல் நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. செட்டுப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர் மைக் கேட்கவில்லை. கழனியில் கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்கு மைக் வேண்டியதில்லை.

"நான் சொன்ன சாட்சி தப்பு. அன்னிக்கு நான் மாத்திரை தின்னுட்டுதான் வந்தேன். மாத்திரைய வுட்டேன், வெரலு போச்சு. கால எடுங்கடி எல்லாரும்" என்றார்.

கோட்டுக்காரப் பெண் ஓடிவந்து மைக்கை எடுத்தாள். அவள் குரல் அப்போதும் இனிப்பாகத்தான் இருந்தது. "அம்மாவுக்கு நம்பிக்கை கொறைஞ்சு போச்சு. பாதியில நிறுத்தினா இப்படித்தான் ஆகும். நீங்க பயப்படாதீங்க" என்றாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு காலும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அவர் வார்த்தை அந்தத் தெருவில் எடுபடாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

முன்வரிசையில் அவருடைய சிநேகிதி உட்கார்ந்திருந்தாள். நடவில் எப்போதும் இவருக்கு இடதுகைப் பக்கம் நிற்பவள், வயதில் இளையவள், சர்க்கரைக்காரி. இவர் சொன்னதைக் கேட்டுத்தான் அவளும் மாத்திரையை விட்டிருந்தாள். மாமியார் எங்கள் கையை உதறிவிட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பெட்டிக்குள்ளிருந்து அவளுடைய பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ எக்கா, என் காலப் போய்த் தொடுறியே, எழுந்திரு" என்று அவள் பதறினாள். பெரியவர் ஒருத்தர் தன் காலைத் தொடுவது அவளுக்குப் பாவமாகப் பட்டது.

மாமியார் காதில் வாங்கவில்லை. பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். குதிகாலின் உள்பக்கம் தோல் வெந்து உரிந்து, ஈரமாகச் சிவந்து கிடந்தது. மெதுவாக ஒரு விரலை அதன்மேல் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். இவர் கண் நிறைந்துவிட்டது.

அவள் குனிந்து இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா அழுவுற? கால் ரொம்ப வலிக்குதா உனக்கு?" என்று கேட்டாள். மாமியாரின் விரல் அப்போதும் அவளுடைய புண்ணின் மேல்தான் இருந்தது.