விருந்தாளிகளுக்கென்று வைத்த தனி இணைப்பு

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் வரவேற்பறையில், மாதிரி ஷூக்கள் அடுக்கிய அலமாரியின் மேல் முன்பு ஒரு வைஃபை பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம், இரண்டு ஆண்டெனா, மூன்று பச்சை விளக்கு. மேலே வெள்ளை டேப் ஒட்டி ‘விருந்தாளிகளுக்கு மட்டும்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. எழுதியவர், நாங்கள் எல்லோரும் ‘சிஸ்டம் பாய்’ என்று கூப்பிட்ட பெரியவர். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. அந்தப் பெட்டி அங்கே இருந்தது ஒன்பதே நாள்.

நான் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். எங்கள் ஏழு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வெள்ளிக்கிழமை மதியம் பாதிப் பேர் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அப்போது ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் மெயில் வந்தால் இருக்கிறவர் பதில் போட வேண்டும், அதற்காக. பாய் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார். ஒரே வாரத்தில் ஒவ்வொருவருடையதும் அடுத்தவரின் காலண்டரில் எழுதப்பட்டிருந்தது. கேட்டுக் கொடுக்காவிட்டால் “இன்னா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?” என்று சண்டை வரும். “பாயை உட்டா பாத்ரூமுக்கும் பாஸ்வேர்டு வெச்சிருவாரு” என்று, கம்ப்யூட்டரில் ஷூவின் வெட்டு வடிவங்களை வரையும் பேட்டர்ன் மாஸ்டர் சொல்வார், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

பத்தாவது நாள், சாம்பிள் பார்க்க வந்த பையரின் ஏஜென்ட் பிரியாணி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். விருந்தாளி இணைப்பில் இன்டர்நெட் வந்தது. ஆனால் எங்கள் பிரின்டர் வரவில்லை. வெளியாளுக்கு ஆபீஸ் மெஷின் எதுவும் வரக்கூடாது என்பதுதான் அந்தப் பெட்டியின் வேலையே. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்மகிட்ட வந்தவரை வாசல்லயே உக்கார வெக்கிறீங்களா பாய்? இதான் மரியாதையா?” என்று கேட்டு, அவரே பெட்டியின் வயரைப் பிடுங்கினார். ஆபீஸ் பாஸ்வேர்டை அவரே ஒரு சீட்டில் எழுதி ஏஜென்டிடம் நீட்டினார். “வெளியாள் லேப்டாப்புல இன்னா இருக்குதுன்னு அவருக்கே தெரியாது, முதலாளி” என்று பாய் மெல்லச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பாய் என்னிடம் வந்து, “மேடம், நீங்க எழுதினா ஒழுங்கா இருக்கும்” என்று ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். இரண்டே கோரிக்கைகள். விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பு மீண்டும் வேண்டும். பேட்டர்ன்களின் நகல் இருக்கும் டிஸ்கை, நகல் எடுத்து முடிந்ததும் கழற்றி பீரோவில் பூட்ட வேண்டும். பழைய பேட்டர்ன் உடனே வேண்டும் என்று மாஸ்டர் அதை எந்நேரமும் கம்ப்யூட்டரில் மாட்டியே வைத்திருந்தார். முதலாளி கடிதத்தைப் படித்தார். “பாக்கலாம்” என்று மேஜைக் கண்ணாடியின் அடியில் செருகினார்.

அதே ஏஜென்ட் அடுத்த முறை வந்து போன மறுநாள் காலை, ஒரு பேட்டர்னும் திறக்கவில்லை. எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, திரையில் பணம் கேட்டு மிரட்டல் மட்டும் நின்றது. மாட்டியிருந்த டிஸ்கும் சேர்ந்தே போயிற்று. கட்டிங் நின்றது, அதனால் தையல் நின்றது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள் மூன்று நாள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு, நான்காம் நாள் வர வேண்டாம் என்று சொல்லப்பட்டார்கள். முதலில் கெட்ட ஃபைல் ஏஜென்டின் லேப்டாப்பிலிருந்து வந்தது என்று பாய் கண்டுபிடித்துக் காட்டினார். விருந்தாளியைக் குற்றம் சொல்கிறார் என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்கள்.

இதற்காகக் கூட்டிய கூட்டத்தில், முதலாளியையும் பாயையும் தவிர, பதினோரு பேர் இருந்தோம். “கம்ப்யூட்டரைப் பாத்துக்கத்தான உங்களை வெச்சது? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்றார் முதலாளி. சொன்னேன் என்று பாய் சொன்னார். “எப்போ?” என்றார் முதலாளி, கூசாமல். பாய் என்னைப் பார்த்தார். கடிதத்தின் பிரதி என் ஃபைலில் இருந்தது. தேதி, நேரம், எத்தனை வரி என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும். எனக்கு வேலை வேண்டியிருந்தது. நான் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. லெதர் ஊர்களில் கெட்ட பெயர் பஸ்ஸைவிட வேகமாகப் போகும்.

பல வருடம் கழித்து, போன மாதம், சென்னையிலிருந்து ஒரு பாதுகாப்பு நிறுவனத்தார் வந்து பெரிய திரையில் விதிமுறைகள் காட்டினார்கள். விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நகல் டிஸ்கைக் கழற்றி வைக்கவும். முதலாளி கை தட்டினார். நான் எழுந்து, “இதையெல்லாம் சிஸ்டம் பாய் எப்பவோ சொன்னாரு, எழுதியும் கொடுத்தாரு. டைப் பண்ணது நான்” என்றேன். “பழைய கதை இப்ப எதுக்கும்மா?” என்றார் முதலாளி. சென்னைக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பாய் இப்போது இருக்கும் மேல்விஷாரத்துக்குப் போனேன். பாய் ஒரு துணிக்கடை வாசலில் ஏணி மேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. சென்னைக்காரர்கள் வந்த கூட்டத்தில் அவருக்காகப் பேசிவிட்டேன் என்று சொன்னேன். இறங்காமலே கேட்டார்: “யாரெல்லாம் இருந்தாங்க மேடம்?” பெயர்களைச் சொன்னேன். எல்லாம் புதிய ஆட்கள். “அதுல என்னைத் தெரிஞ்சவங்க முதலாளியை உட்டா யாருமில்லியே” என்று சிரித்தார். “தப்பா நெனைக்காதீங்க. அந்த ஸ்க்ரூவை எடுங்க.”

எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பாயை அனுப்பிய அன்று அந்த அறையில் இருந்த பதினோரு பேரில் என்னை விட்டால் பத்து. இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டேன். நேற்றுவரை நான்கு பேரிடம் பேசியாயிற்று. ஐந்தாமவர் எங்கள் பழைய பேட்டர்ன் மாஸ்டர், இப்போது ராணிப்பேட்டையில். இன்று காலை போனை எடுத்தவர், “யாரு, வைரஸ் உட்டாரே, அந்த பாயா?” என்றார்.

இல்லை என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.