துண்டுக்கடியில் விலைபோன கார்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, திருமயம் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து பழைய சீமைக் கார்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. வாங்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூளை கிடையாது. அவர்களில் முதல் ஆள் என் தங்கை புருஷன்.

கீரமங்கலத்தில் தங்கைக்கு அப்பா எழுதிவைத்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. அவள் பேரில் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை விற்று, கார் வாங்கி, டாக்ஸி ஓட்டிப் பணக்காரனாவது என்று மாப்பிள்ளை தீர்மானித்துவிட்டார். நான் அப்போது புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். "எங்கண்ணன் பாத்துச் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று தங்கை பிடிவாதமாக நின்றதால் கார் விலைக்கு வந்திருந்த ஒரு பெரிய வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கூடவே ஒரு மாட்டுத் தரகர். "வெலை பேசத் தெரிஞ்ச ஆளு" என்றார் மாப்பிள்ளை. தரகர் காரைச் சுற்றி வந்து, மாட்டுத் திமிலைத் தடவுவதுபோல மட்கார்டைத் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அந்த வீட்டுக் காரியக்காரர் அதற்கும் மேல். "எத்தனை தொரைமாரு ஒக்காந்த சீட்டு தெரியும்ல?" என்றார். துரைமார் உட்கார்ந்து எழுந்ததற்கெல்லாம் ஒரு விலை!

நான் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். மோர் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது ஆயில். இன்ஜினில் எங்கோ விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய வண்டி. நானூறு ரூபாய் கொடுத்தால் அதுவே அதிகம்.

நான் வாயைத் திறப்பதற்குள், தரகரும் காரியக்காரரும் மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரல் பிடித்து மூவாயிரத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

"மாப்ள, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "கிரீஸ் தொடைக்கிற கைக்கு இதோட மதிப்பு எங்க மச்சான் தெரியப்போகுது? ஒதுங்கி நில்லுங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அனுபவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கம்பியைத் துடைத்துப் பழையபடி செருகினேன்.

"ஒங்கண்ணன் பாத்துட்டாரு" என்று தங்கையிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கார் வாங்கிய இருபதாம் நாள் நமணசமுத்திரம் தாண்டி வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். மாட்டைப் பூட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் போட்டார்கள். "ராசியில்லாத வண்டி" என்றார் மாப்பிள்ளை. இப்படியும் ஒரு ஜன்மம்.

அவர் வெளியே போயிருந்த நேரம் தங்கை என்னிடம் வந்தாள்.

"அவுகளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. ஒனக்குமாண்ணே தெரியல?"

ஜில்லாவில் பாதிப் பேரை முட்டாள் என்று திட்டிக்கொண்டு திரிந்த எனக்கு, அந்த நிமிஷம் முட்டாளாக இருப்பதே தேவலை என்று பட்டது.

"தெரியலத்தா" என்றேன்.

அவள் அதையும் நம்பினாள்.