இரண்டு கரைக்கும் ஒரே பேருந்து

அத்திராவ் நகரத்துப் பேருந்தில் ஜனில்கான் நடத்துநராக இருந்தாள். வீடு உரால் ஆற்றின் கிழக்குக் கரையில், ஆசியாவில். பாலத்தைத் தாண்டினால் ஐரோப்பா. ஊர் ஒன்று, நாடும் ஒன்று, கசகஸ்தான். கண்டம் மாறுகிறோம் என்று அவள் நினைத்ததே கிடையாது. அவள் கணவன் சாபிட், மேற்குக் கரைத் தையல்கடைக்காரி ஒருத்தியோடு குடியேறிய பிறகுதான் ஊரே அதைப் பேசியது.

"என்ன ஜனில் அக்கா, வீட்டுக்காரர் ஐரோப்பாவுல செட்டில் ஆயிட்டாராமே? விசா குடுத்தாங்களா?" என்று கேட்டான் ஓட்டுநர் எர்போல்.

"டிக்கெட் நான்தான் குடுத்தேன்," என்றாள் அவள். உண்மைதான். பெட்டியோடு அவன் போனது அவளுடைய பேருந்தில்தான். எர்போல் அதற்கப்புறம் அந்தக் கேலியைத் தொடரவில்லை. தொடர்ந்திருந்தாலும் அவளுக்கு உறைத்திருக்காது. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் பாலத்தின் நடுவில் பேருந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா? கண்டம்னா நடுவுல கடல் இருக்க வேணாமா?"

"ஆஸ்திரேலியாவுக்கு இருக்கு. இது ஒரே நிலம் சார். அங்க மலை, இங்க ஆறுன்னு யாரோ கோடு போட்டு ரெண்டு பேரு வெச்சுட்டாங்க," என்றான் எர்போல். "எங்க நாடு அதைக் கண்டுக்கல. ரெண்டு பக்கமும் கால நீட்டிப் படுத்துக்கிச்சு."

"உங்களுக்கு வித்தியாசம் தெரியுதாம்மா?"

"குளிர் ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க," என்றாள் ஜனில்.

மாமியார் மகனோடு போகாமல் மருமகளிடமே இருந்துவிட்டாள். ஆற்றில் பனி உடையத் தொடங்கிய ஒரு காலையில் அந்தம்மா எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களை உடம்பருகே உட்கார வைத்துவிட்டு ஜனில் மேற்குக் கரைக்குப் போனாள். கதவைத் திறந்தது சாபிட்தான்.

"அம்மா போயிட்டாங்க. வாங்க," என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தேம்பித் தேம்பி அழுதான். அவள் கைக்குட்டையைக் கொடுத்தாள். தானும் அழுதால் தேவலை என்று பார்த்தாள், வரவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பௌர்சாக் பணியாரம் பொரிக்க வீட்டில் மாவு போதுமா என்பதிலேயே மனசு நின்றது.

ஏழாம் நாள் காரியத்து விருந்து முடிந்து எல்லாரும் போனபின் சாபிட் மட்டும் வாசலில் நின்றான்.

"ஜனில், நான் இங்கயே வந்துடட்டுமா?"

"வர்றதுன்னா வாங்க. போறதுன்னா போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ அடிபிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் குல்லாயைப் போட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலை ஜனில் வேலைக்குப் போனாள்.