ரேம் விலை இறங்கும்வரை

கம்ப்யூட்டரைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கோயமுத்தூர் போகும்போது வாங்கி வரும் ஒரு மாதப் பத்திரிகையில் படித்ததுதான். ஆனால் வாய் மட்டும் வண்டி வண்டியாகப் பேசும். திருப்பூர் வீரபாண்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. நூல் வாங்குவது அப்பா, கட்டிங்கும் டெலிவரியும் நான். ப்ளஸ் டூ முடித்த என் தங்கை ஒரு வருடம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், பனியனின் நெஞ்சில் அச்சடிக்கும் படங்களைத் திரையில் வரையக் கற்றிருந்தாள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டு வேலை செய்தவள் அவள் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு ஆவணி மாதம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மேடம் தங்கையிடம், வீட்டில் ஒரு மெசின் இருந்தால் டிசைன் வேலையெல்லாம் உனக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதே வாரம் வெள்ளகோவிலிலிருந்து அவளுக்கு ஒரு ஜாதகமும் வந்து சேர்ந்தது. தங்கை இரண்டு நாள் சோறு தொடவில்லை. அப்பா இறங்கி வந்தார்.

"தைக்குள்ள பொட்டி ஊட்டுக்கு வரட்டும், வேலையும் வரட்டும். அப்பறம் ரெண்டு வருசத்துக்கு மாப்பள பேச்சே எடுக்க மாட்டேன். போதுமா கண்ணு?"

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்பா பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். என்னிடம் கொடுத்தார், பாருங்கள்.

லேபிள் அச்சடிக்கும் என் நண்பன் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். பெரிய பண்டிதன் என்று நினைப்பு. சாயங்காலமானால் பேக்கரியில் இருவரும் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்துவிடுவோம். கம்ப்யூட்டரின் நினைவுச் சில்லான ரேமில் எந்த வகை வாங்குவது என்பதுதான் பேச்சு.

"ஈ.டி.ஓ. ரேம் போடு. அதுலயும் ஜப்பான் மாலு. கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்பான்.

"அதெல்லாம் பழைய சரக்குப்பா. இனி எஸ்.டி. ரேம்தான். கொரியாக்காரன் போட்டுத் தள்றான்."

"உங்கூட்டுல பொட்டியே இல்ல, நீ எனக்குப் பாடம் எடுக்கறயா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மறுநாள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போவேன். பதினாறு எம்.பி.யா, முப்பத்திரண்டா, தைவான் மால் சூடாகுமா ஆகாதா என்று புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. இதற்கு நடுவில் ரேம் விலை வாராவாரம் இறங்கத் தொடங்கியது. அதுதான் எங்களைக் கெடுத்தது. நூல் விலை இறங்கும்போது திருப்பூர்க்காரன் வாங்க மாட்டான். இன்னும் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நானும் அப்படியே நின்றேன். அப்பாவும் அதற்குத் தலையாட்டினார்.

"இந்த ரேமு எந்த மில்லுடா? ஒரு மூட்டை வாங்கி ஓட்டிப் பாக்க முடியாதா?" என்று அவர் கேட்டதற்கு வீடே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு வகை ரேமும் போடற போர்டு வந்திருக்குதுங்கண்ணா. இப்பத்திக்குப் பதினாறு எம்.பி. போதும். அப்பறமா சேத்திக்கலாம். எதையாச்சும் வாங்குங்கண்ணா."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு" என்றேன்.

எவ்வளவு திமிர் இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேன்! படித்தவள் அவள். அந்த மெசினில் உட்காரப் போகிறவள் அவள். எனக்கோ மவுஸைப் பிடிக்கத் தெரியாது. மார்கழியில் இன்னும் இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

தை பிறந்தது. வெள்ளகோவில்காரர்கள் மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொட்டி எங்கடா?"

"அடுத்த மாசம் இன்னும் எறங்குமுங்கப்பா" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. தன் பேச்சைக் காப்பாற்றியாகிவிட்டது என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் "சரிங்கப்பா" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டில் தோட்டமும் மாடும் இருந்தன. மருமகள் வேலைக்குப் போகும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனியில், எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்கள் டிசைனை ஃப்ளாப்பியில் கேட்க ஆரம்பித்தார்கள். அப்பா ஒரே ஒரு போன் போட்டார். கோயமுத்தூர்க் கடைக்காரர் கையிலிருந்த சாமானைப் போட்டு, மூன்றாம் நாள் பொட்டியைக் கம்பெனியில் இறக்கிவிட்டுப் போனார். என்ன ரேம் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? அதை ஓட்ட, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியை வேலைக்கு வைத்தோம். கெட்டிக்காரப் பெண். என் தங்கை வயதுதான்.

ஆடிக்கு அழைத்து வந்தபோது தங்கை கம்பெனிக்கு வந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கொடி, கை நிறைய வளையல். அந்தப் பெண் திரையில் ஒரு மயில் வரைந்துகொண்டிருந்தாள். கழுத்து வளைவு சரியாக வராமல் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மவுஸைக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் அழுத்தி இழுத்தாள். கழுத்து அழகாக வளைந்து நின்றது.

அந்தப் பெண் அசந்துபோனாள். "யக்கா! நீங்க கம்ப்யூட்டர் படிச்சிருக்கியளா?"

தங்கை மவுஸை அதனிடத்தில் வைத்தாள்.

"இல்லம்மிணி. சும்மா பாத்திருக்கறேன்" என்றாள்.

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். இவள் என் தங்கை, சென்டரில் முதலாவதாக வந்தவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.